கத்திகள் வெளியே, நாங்கள் உள்ளே

கோச்சடையில் என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் குடியிருக்கும் தம்பி தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறார். போன வாரம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளம் வந்தால் ஜனங்களைத் தங்க வைக்கும் முகாம்களுக்கு விதிகள் எழுதுகிறார்களாம். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. முகாமுக்கு வருகிறவர்கள் கத்தி, அரிவாள் கொண்டுவரலாமா கூடாதா என்கிற ஒரு விதியில் மட்டும் பத்து நாளாக இழுபறியாம். “நீங்க சண்டைக் காலத்துல பதுங்குகுழி வேலை பாத்தவுக. ஒரு வார்த்தை சொன்னீகன்னா எழுதிட்டுப் போயிருவேன்” என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்கிற விஷயம் இல்லை என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்து நாலு வருஷம் சர்க்கார் ஆபீஸ்களில் குப்பை கொட்டியவனுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும். அவரை அனுப்பிவிட்டு, சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த சமயம் அது. மெட்ராஸில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு தெற்கே ஓடிவந்து, மதுரையில் வீட்டு வாடகையை ஏற்றிவிட்டிருந்தார்கள். ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்தால் ஜனங்களைக் காப்பாற்றுவதற்கென்று ஏ.ஆர்.பி. என்று ஓர் இலாகா முளைத்தது. அதில் எனக்குக் குமாஸ்தாவும் வார்டனும் சேர்ந்தாற்போல ஒரு வேலை கிடைத்தது. பயிற்சி பதினைந்து நாள். மணல் வாளியை எப்படிப் பிடிப்பது, விசிலை எத்தனை தரம் ஊதுவது, மயங்கினவனை எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். எதிரி விமானத்தைச் சுவரில் ஒட்டிய படத்தில்தான் பார்த்தோம். கடைசிவரை படத்திலேயே இருந்துவிட்டது, புண்ணியம்.

வேலை தற்காலிகம். அதுதான் என் கஷ்டம். எழுமலையில் எனக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பருத்திக்காட்டு சம்சாரி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மாப்ள நல்லாத்தேன் இருக்காரு. ஆனா டெம்பரவரிக்குப் பொண்ணு குடுக்குறதில்ல” என்று சொல்லிவிட்டார். அந்த இங்கிலீஷ் வார்த்தையை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையில் கிடைத்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். பெண்ணை நான் ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அது போதுமானதாக இருந்தது. ஆகவே என்னை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்று எங்கள் தலைமை வார்டன் ஒரு வரி எழுத வேண்டும். நான் உயிர் வாழ்ந்ததே அந்த வரிக்காகத்தான்.

தலைமை வார்டன் குற்றாலிங்கம் பிள்ளை. ரெவின்யூவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, யுத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவர். மூடிய கழுத்துக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, கீழே பஞ்சகச்சம். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், சட்டையின் மேல் பித்தானைப் பார்ப்பார். எதுவானாலும் எழுத்தில் வேண்டும், மூன்று பிரதி வேண்டும். தாகமாக இருக்கிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் தண்ணீர் கொடுப்பார் என்று ஆபீசில் சொல்லிக்கொள்வோம். அவர் பேனா தொடுவது கையெழுத்துக்கு மட்டும். மற்றதெல்லாம் பென்சில். அந்தப் பென்சில் எப்போதும் ஊசி மாதிரி இருக்கும். எழுதுவதற்கு முன்னால் இரண்டு சீவு, எழுதி முடித்ததும் இரண்டு சீவு. சீவலை இடது உள்ளங்கையில் ஏந்தி, ஒரு தூள் கீழே விழாமல் குப்பைக் கூடையில் போடுவார்.

எங்கள் பொறுப்பில் இருந்த பதுங்குகுழி ஆபீசுக்கு எதிரே, சந்தையை ஒட்டின திடலில் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், நடுவில் ஒரு திருப்பம். மேலே பனங்கட்டை பரப்பி மண் போட்டிருந்தோம். வாசலில் படிகள், படியின் இரண்டு பக்கமும் மண் மூட்டைச் சுவர். மறுகோடியில் ஆபத்துக்கு வெளியேற இன்னொரு வழி. அந்த இன்னொரு வழியை ஜனங்கள் விடியற்காலையில் எதற்கு உபயோகப்படுத்தினார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பிள்ளை மூன்று முறை அறிவிப்புப் பலகை வைத்தார். அந்தப் பலகைக்குப் பின்னால் மறைவு நன்றாகக் கிடைத்ததால் கூட்டம் அதிகமாயிற்று. கடைசியில் கனத்த மூங்கில் தட்டி ஒன்றை வைத்து, தேங்காய் நாரில் திரித்த கொச்சக் கயிற்றால் பனந்தூண்களோடு இறுக்கிக் கட்டச் சொன்னார். கட்டும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தார். ஒவ்வொரு ஒத்திகைக்கும் முன்னால் அந்தக் கயிற்றை அவிழ்த்து வைக்க வேண்டியது என் வேலை.

இனி கத்தி விஷயம். முதல் ஒத்திகையில் அபாயச் சங்கு ஊதினதும், சந்தையில் இருந்த சனம் கையில் இருந்ததோடு அப்படியே குழிக்குள் குதித்தது. இருட்டு, நெருக்கடி. சுமை தூக்குகிற ஒருவர் இடுப்பில் செருகியிருந்த அரிவாள், பின்னால் வந்த தையல்காரரின் தொடையைக் கிழித்துவிட்டது. குண்டு போடாமலேயே எங்களுக்கு ஒரு காயம்பட்டவர் கிடைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஏழு தையல். தையல்காரருக்கே தையலா என்று சந்தை முழுக்கச் சிரித்தது, பிள்ளை சிரிக்கவில்லை. அன்று மாலையே விதி எழுதினார். வெட்டும், அறுக்கும், கீறும் எந்தக் கருவியும் பதுங்குகுழிக்குள் வரக்கூடாது. வாசலில் ஒரு பெட்டி இருக்கும். கருவியை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்க வேண்டும். பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தலைமை வார்டனிடம் ஒப்படைக்க வேண்டும். உள்ளே ஒரு கருவி அகப்பட்டாலும், சோதனை போட்ட குமாஸ்தா வேலையிலிருந்து நீக்கப்படுவார்.

சோதனை போடும் குமாஸ்தா நான்தான். அந்தக் கடைசி வரியை நான்தான் மூன்று பிரதி எடுத்தேன்.

அடுத்த ஒத்திகையில் என்னென்ன வந்தன என்கிறீர்கள். பாக்குவெட்டி, கதிரரிவாள், கத்தரிக்கோல், கசாப்புக் கத்தி. சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அரிவாள்மனையோடு வந்தார், அதில் பாதி வெண்டைக்காய் இருந்தது. மரத்தடி நாவிதர் சவரக்கத்தியோடு வந்தார். கூடவே ஒரு கன்னம் மட்டும் மழித்த நிலையில் ஜவுளிக்கடை முதலாளி வந்தார். உள்ளே உட்கார்ந்தே மறு கன்னத்தையும் முடித்துவிடலாம் என்று நாவிதர் சொன்னார். முடியாது என்றேன். முதலாளி அரை மணி நேரம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். அது முதல் அவர் ஒத்திகை நாளில் சவரம் செய்துகொள்வதை நிறுத்திவிட்டார்.

கருப்பாயி என்று ஒருத்தி. வாழையிலை விற்கிறவள். முப்பது வயசு இருக்கும், வாய் அறுபது வயசு. அவளுடைய இலைக்கத்தி ஒரு சாண் நீளம், பிறை மாதிரி வளைந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அதைப் பெட்டியில் போடுவதற்குள் என் பிராணன் போய்விடும். “எங்கிட்ட புடுங்குறீகளே, உள்ள ஒரு அவசரம்னா எதை வச்சு அறுப்பீக, பல்லை வச்சா?” என்று கேட்டாள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். “எல்லாருக்குமா?” என்று கேட்டுவிட்டு, வாசலைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்த பிள்ளையின் முதுகைப் பார்த்தாள்.

பிள்ளையை நான் சோதிக்காதது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். முதல் நாள் என் கை தன் போக்கில் அவர் கோட்டுப் பக்கம் நீண்டது. அவர் என் பித்தானை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தார். கை தானாகத் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் நான் சலாம் வைத்தேன். ஒரே சமயத்தில் சலாமும் வைத்து மடியையும் தடவ ஒருவனால் ஆகாது.

ஐப்பசி மாதம். அன்று மத்தியானம் ஒத்திகை. வானம் கறுத்துக் கிடந்தது. சங்கு ஊதுவதற்கு முன்னால் நான் போய்ப் பின்வழிக் கயிற்றை அவிழ்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு பூசாரி வந்து சேர்ந்தார். தோளில் ஓர் ஆள் உயர அரிவாள். கருப்பணசாமியின் அரிவாள், கொல்லரிடம் சாணை பிடித்து எடுத்துப் போகிறாராம். இதைக் கீழே வைக்கக் கூடாது, பெட்டியில் போடக் கூடாது, பிறத்தியார் தொடக் கூடாது என்றார். பெட்டியிலும் அது கொள்ளாது. பிள்ளை பென்சிலைச் சீவிக்கொண்டு யோசித்தார். பெட்டிக்குப் பக்கத்தில் வேப்பமரத்தில் சாய்த்து வைக்கலாம், ஆனால் டோக்கன் உண்டு என்று முடிவு செய்தார். அடுத்து, உடையவர் பெயர் என்ற இடத்தில் யாரைப் போடுவது என்று கேட்டேன். சாமி சொத்துக்குத் தன் பெயரைப் போட்டால் குடும்பம் விளங்காது என்று பூசாரி மறுத்துவிட்டார். கடைசியில் ‘கருப்பணசாமி, மேலூர் தாலுகா’ என்று எழுதினேன். ‘உடையவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்’ என்று வழக்கமாக எழுதும் வரியையும் பிள்ளை விடச் சொல்லவில்லை.

இதற்குள் சங்கு ஊதிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. சனம் முண்டியடித்தது. நான் அவசர அவசரமாக மடிகளைத் தடவி, பெட்டியைப் பூட்டி, சாவியைப் பிள்ளையிடம் கொடுத்து, கடைசி ஆளாக உள்ளே இறங்கினேன். பின்வழிக் கயிறு நினைப்பிலேயே இல்லை.

உள்ளே முப்பத்திரண்டு பேர். திருப்பத்தைத் தாண்டி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஓர் இடி. அதோடு சேர்ந்து வாசல் பக்கம் தடதடவென்று ஒரு சத்தம். பாதிப்பேர் ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். வந்தது மேலூரிலிருந்து நெல் ஏற்றி வந்த ஒரு மாட்டுவண்டி. சங்குக்கும் இடிக்கும் மிரண்ட மாடுகள் திடலுக்குள் இழுத்துக்கொண்டு வந்து, வாசல் சரிவில் வண்டி குடைசாய்ந்துவிட்டது. மாடுகள் நுகக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, வண்டிக்காரர் அவற்றின் பின்னால் ஓடிவிட்டார். நெல் மூட்டைகளும் எங்கள் மண் மூட்டைச் சுவரும் சேர்ந்து படியை அடைத்துவிட்டன. ஆள் யாரும் அடிபடவில்லை. ஆனால் வெளியே போக வழியும் இல்லை.

பின்வழியே போகலாம் என்று பிள்ளை நிதானமாகச் சொன்னார். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். எனக்கு அப்போதுதான் கயிறு நினைவுக்கு வந்தது. தட்டி கட்டினபடியே நின்றது. கொச்சக் கயிறு முந்தின நாட்களின் மழையிலேயே ஊறி உப்பி, முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. சுமை தூக்குகிறவர் தோளைக் கொடுத்து மோதினார், மூங்கில் அசையவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தார், பல்தான் ஆடியது. கத்தினோம். தெருவில் ஒருவர்கூட இருக்கக் கூடாது என்று ஒரு மாதமாகத் தண்டோரா போட்டவர்கள் நாங்கள்தான். அன்றைக்குத்தான் ஊர் எங்கள் பேச்சைக் கேட்டிருந்தது.

படிப்பக்கமிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது. திடலின் தண்ணீரெல்லாம் அந்தச் சரிவுக்குத்தான் வரும். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். ஜவுளிக்கடை முதலாளிக்கு ஏற்கனவே இளைப்பு உண்டு. அவர் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். நாவிதர் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, ஒன்றும் ஆகாது முதலாளி என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. எழுமலை, நிரந்தரம் எல்லாம் மறந்து போயிற்று. கயிற்றை அவிழ்க்காத பாவி நான், இந்த முப்பத்திரண்டு பேரையும் கொன்றவனாக ஆகப்போகிறேன் என்று மட்டும் தோன்றியது.

கருப்பாயி என் எதிரே நின்றுகொண்டு, நனைந்த டோக்கனை நீட்டினாள். “இந்தாங்க டோக்கன். என் கத்தியக் குடுங்க” என்றாள். சாவி உள்ளே இருந்தது, பெட்டி வெளியே இருந்தது. சந்தையில் இருந்த அத்தனை இரும்பும் தலைக்கு மேலே பத்தடி தூரத்தில் பத்திரமாக இருந்தது. கருப்பணசாமியின் அரிவாளும் அங்கேதான் சாய்ந்து நின்றது.

அப்போது பிள்ளை செய்த காரியத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். சம்பவம் நடந்த நேரத்தைக் குறிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது அவருக்கு. கோட்டுப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார், பென்சிலை எடுத்தார். ஈரத்தில் முனை முறிந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றபடி, உள்பையில் கையை விட்டுத் தந்தப்பிடி போட்ட பேனாக்கத்தியை எடுத்து விரித்து, நிதானமாகச் சீவ ஆரம்பித்தார். சீவலை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

முப்பத்தோரு பேர் அவர் கையையே பார்த்தோம். அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

“அய்யா, கையில என்னங்கய்யா?” என்று கேட்டாள் கருப்பாயி.

“பென்சில்.”

“இன்னொரு கையில?”

பிள்ளை தன் வலது கையைப் பார்த்தார். தன் கையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். கால் நூற்றாண்டாகப் பையில் கிடக்கிற பொருள். அவர் மனசில் அது மைக்கூட்டுக்கும் அளவுகோலுக்கும் பக்கத்தில் இருந்ததே தவிர, அரிவாளுக்குப் பக்கத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. அது மறைத்து வைத்த கத்தி இல்லை என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

அவரே தட்டியண்டை போய்க் கயிற்றில் வைத்து அழுத்தினார். கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று. கருப்பாயி அதை வாங்கிக்கொண்டாள். முடிச்சைத் தொடவில்லை. விரலால் கயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்து, எந்த இடம் விறைப்பாக இருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு புரியை மட்டும் அறுத்தாள். இழுவையில் அடுத்த புரி தானாகவே நைந்தது. இலைக்கட்டுப் பிரிக்கிற கை அது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கடைசிப் புரி அறுந்ததும் தட்டி சாய்ந்தது, வெளிச்சமும் மழையும் உள்ளே விழுந்தன. முதலாளியைத்தான் முதலில் தூக்கிக் கொடுத்தோம். வெளியே கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும் மூச்சு சீராக வந்தது, பிழைத்துக்கொண்டார். கருப்பாயி கத்தியை முந்தானையில் துடைத்து, மடக்கி, பிள்ளையிடம் நீட்டினாள். “நல்ல கத்திங்கய்யா. பத்திரமா வச்சுக்கிருங்க” என்றாள். அதில் கிண்டல் எம்புட்டு, மரியாதை எம்புட்டு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மறுநாள் அறிக்கை எழுத வேண்டும். ‘தடை எவ்வாறு நீக்கப்பட்டது’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. நான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒரு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். ‘எழுதுபொருள் ஒன்றின் உதவியால் கயிறு அகற்றப்பட்டது.’ பொய்யும் இல்லை, யாருக்கும் பாதகமும் இல்லை. பிள்ளை அதைப் படித்தார். பென்சிலை எடுத்து ‘எழுதுபொருள்’ என்பதை அடித்துவிட்டு ‘கத்தி’ என்று எழுதினார். என் கல்யாணம் அந்த ஒரு கோட்டில் அடிபட்டுப் போனதாக நினைத்தேன்.

“சார், சோதனை போட்ட குமாஸ்தா நான்தானே?” என்றேன்.

“முதல் நாள் உம்முடைய கை நீண்டது. நான் பார்த்த பார்வையில் திரும்பிப் போயிற்று. குற்றம் கையினுடையது அல்ல, பார்வையினுடையது. எழுதும்” என்றார்.

எழுதினேன். சோதனைக்கு உட்படாமல் கத்தியோடு நுழைந்ததற்காகத் தலைமை வார்டன் குற்றாலிங்கம் பிள்ளையிடம் விளக்கம் கேட்டு, தலைமை வார்டன் குற்றாலிங்கம் பிள்ளை ஒரு மெமோ அனுப்பினார். மூன்று பிரதி. அதைத் தாமே கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டார். விளக்கம் எழுத மூன்று நாள் அவகாசம் கொடுத்திருந்தார், மூன்று நாளையும் எடுத்துக்கொண்டார். கத்தி பென்சிலுக்காகவே வைத்திருந்ததாகப் பணிவோடு விளக்கம் எழுதினார். நான்காம் நாள் அந்த விளக்கத்தைப் படித்துப் பார்த்து, திருப்திகரமாக இல்லை என்று நிராகரித்து, தமக்கு எச்சரிக்கை வழங்கிப் பதிவேட்டில் ஏற்றினார். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. நானும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினதில் எனக்கு விலா வலித்தது, ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பினால் மட்டும் இல்லை.

என்னை விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கயிற்றை அவிழ்க்காத அசட்டைக்குத் தனியாக ஒரு கண்டனம் கிடைத்தது. அதற்கு அடுத்த தாளில் என்னை நிரந்தரம் ஆக்கச் சிபாரிசு இருந்தது. இரண்டையும் ஒரே பென்சிலால்தான் எழுதியிருந்தார். தை மாதம் எழுமலையில் கல்யாணம். சாமி அரிவாளுக்கான டோக்கன் மட்டும் ஆபீசிலேயே தங்கிவிட்டது. பூசாரி அன்றைய களேபரத்தில் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உடையவர் நேரில் வரவில்லை என்று பிள்ளை ஒரு குறிப்பு எழுதி வைத்தார்.

விதியையும் மாற்றினார். ஜனங்கள் கத்தியை வெளியே வைக்க வேண்டியதுதான். ஆனால் பின்வழிப் பக்கத்தில், உள்ளே, ஆணியில் ஓர் இலைக்கத்தி தொங்க வேண்டும். அதற்குப் பொறுப்பு கருப்பாயி. அவள் அதை மாதாமாதம் சாணை பிடித்து வைத்தாள். அவளை நான் ஒருநாளும் மடி சோதித்ததில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் சோதித்தேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் முதலில் வரிசையில் வந்து நின்றவர் பிள்ளை. தலைப்பாகையோடு இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு நிற்பார். அவரையே சோதித்த பிறகு வேறு யார் என்னோடு சண்டை போடுவார்கள்? அந்தப் பேனாக்கத்தியைப் பெட்டியில் போட்டு டோக்கன் வாங்கிக்கொண்டவர், ஒத்திகை முடிந்தும் திருப்பிக் கேட்கவில்லை. அது பெட்டியிலேயே கிடந்தது.

யுத்தம் முடிந்தது. எங்கள் ஆபீஸை மூடினார்கள். என்னை வேறு இலாகாவுக்கு மாற்றினார்கள், பிள்ளை இரண்டாம் முறையாக ஓய்வு பெற்றார். கடைசி நாள் அந்தப் பெட்டி ஒன்றைத் தவிர மற்ற சாமான்களையெல்லாம் கணக்கெடுத்து ஒப்படைத்துவிட்டு, வாசலில் நின்று அவரை வழியனுப்பக் காத்திருந்தேன். குடையை இடுக்கிக்கொண்டு வந்தவர் நிலைப்படியில் நின்றார். குடையைச் சுவரில் சாய்த்தார். இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார்.

வேண்டாம் சார் என்றேன். கை இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் கோட்டுப் பையைத் தடவினேன். ஒரு டோக்கன் இருந்தது. கூடவே ஒரு பென்சில், முனை மழுங்கி மொட்டையாக.

பெட்டியைத் திறந்து பேனாக்கத்தியை எடுத்துக் கொடுத்தேன். டோக்கனை வாங்கிப் பெட்டியில் போடும் என்றார். போட்டேன். பிறகு அவர் நிலைப்படியிலேயே நின்று அந்தப் பென்சிலைச் சீவினார். சீவலை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். ஆபீசில் குப்பைக் கூடையை நான் காலையிலேயே ஒப்படைத்திருந்தேன். அவர் கையை மூடிக்கொண்டு, சீவலோடு, திடலைக் குறுக்கே கடந்து நடந்து போனார்.